புளிக்குழம்புக்கு ஸ்பெல்லிங் என்ன?

வீடு கட்டுகிறவர்கள் கட்டி முடித்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள்; எங்கள் தொழிலில் கட்டி முடித்ததையே திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

உங்கள் போனில் நேற்றுவரை ஒழுங்காக இருந்த ஒரு ஆப், அப்டேட் ஆனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருக்கும். யாரோ ஒருவரை மனசாரத் திட்டியிருப்பீர்கள். அந்த யாரோ என்னைப் போன்ற ஒருத்திதான். ஒரே நிரலை எழுதி ஆண்ட்ராய்டு, ஐபோன், கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றிலும் ஓட வைக்கும் ஏற்பாடுகள் இப்போது வந்திருக்கின்றன. எழுதுவது மற்றவர்கள். எழுதியதை எல்லாம் சேர்த்து, எது எந்தப் பதிப்பு, எது எதனோடு ஒத்துப்போகும் என்று பார்த்து, ஒரே பொட்டலமாகக் கட்டி வெளியே அனுப்புவது நான். இதற்கு 'பில்ட்' என்று பெயர். என் போனிலும் ஆப்கள் இருக்கின்றன, நானும் யாரையோ திட்டுகிறேன். ஆகவே உங்கள் கட்சிதான்.

மாற்ற முடியாத பெயர்

எங்கள் கம்பெனி பம்பாயை ஒட்டிய வாஷியில். முதலாளி வெங்கிட்டு சார், மாட்டுங்காக்காரர், வங்கி வேலையை விட்டுவிட்டு இதை ஆரம்பித்தவர். முதல் நாளிலிருந்து அவரோடு இருந்தவர் சுயம்பு அண்ணன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் என்றாலும் பிறந்தது வளர்ந்தது எல்லாம் தாராவி. செம்பூரிலிருந்து ரயிலேறிப் போகும் நான் பின்னால் வந்து சேர்ந்தவள்.

சுயம்பு அண்ணன் ஒரு ஆப் செய்தார். தாராவி, மாட்டுங்கா, செம்பூர், சான்பாடா என்று நம் பலசரக்குக் கடைக்காரர்கள் வீடுகளிலிருந்து ஆர்டர் வாங்கவும் பில் போடவும் உதவும் ஆப். அதற்கு அவர் வைத்த பெயர் 'சரக்கு'. அவர் வீட்டில் சரக்கு என்றால் பருப்பு, மிளகாய், மல்லி. தமிழ்நாட்டில் அந்தச் சொல் எப்போதோ பாட்டிலுக்குள் போய்விட்டது என்பது பம்பாயில் பிறந்தவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது, சாருக்கும் தெரியாது. மூன்று பேரும் கைதட்டி ஆப் ஸ்டோரில் ஏற்றினோம்.

வெளியே தெரியும் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். உள்ளே, பில்ட் அமைப்புகளில், ஒரு அடையாளப் பெயர் கொடுக்க வேண்டும். ஒரு முறை அது ஸ்டோரில் ஏறிவிட்டால் ஆயுசுக்கும் அதுதான். மாற்றினால் அது வேறு ஆப், பழைய ஆப்பை வைத்திருப்பவர்களுக்கு ஒரு அப்டேட்டும் போகாது. அந்த இடத்திலும் அண்ணன் 'சரக்கு' என்றே எழுதியிருந்தார். தாராவியில் கடை வைத்திருக்கும் பொன்ராஜ் அண்ணாச்சி ஒரு நாள் போன் செய்தார்: "ஏ சுயம்பு, மதுரையிலேந்து எங்க மாப்ள கேக்காரு, 'மாமா, பலசரக்குக் கடைய மூடிட்டு எப்ப ஒயின்ஷாப்பு தொறந்தீய'ன்னு!"

பிள்ளையும் பில்லும்

எல்லா நிரலையும் நாங்களே எழுதுவதில்லை. உலகத்தில் எங்கோ யாரோ எழுதி வைத்ததை எடுத்துச் சேர்த்துக்கொள்வோம். 'டிபெண்டன்சி' என்போம். கல்யாணத்துக்குச் சமையல்காரரைக் கூப்பிட்டால், என் உதவியாள் வந்தால்தான் வருவேன் என்பார். உதவியாள் தன் மச்சான் இல்லாமல் வர மாட்டார். அந்த மச்சானுக்கும் காப்பி போடுகிறவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இவர்கள் எல்லோரையும் ஒரே பந்தலில் நிற்க வைத்துப் பந்தி நடத்துவதுதான் என் வேலை.

போனிலிருந்து சின்ன பிரிண்டருக்குப் பில் அனுப்பும் பகுதியை வெளிநாட்டில் ஒருவர் எழுதியிருந்தார். காசு வாங்காமல் கொடுத்திருந்தார். ஆண்ட்ராய்டு ஒரு படி ஏறியது, அந்தப் பகுதி ஏறவில்லை. பில் நின்றது. அவருடைய பக்கத்தில் போய்ப் பார்த்தால், குழந்தை பிறந்திருக்கிறது, இனிமேல் இதைக் கவனிக்க நேரமில்லை, மன்னிக்கவும் என்று இரண்டு வரி. முகம் தெரியாத அந்த மனிதர் மேல் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது! இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வேறு எடுப்போம் என்றேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மனிதரின் நிரலை அப்படியே எடுத்து எங்கள் நிரலுக்குள் வைத்துக்கொண்டார், உட்கார்ந்து சரிசெய்தார், பிறகு ஒரு வாழ்த்துச் செய்தியும் அனுப்பினார். அதற்காக மற்ற எல்லாவற்றையும் பழைய பதிப்பிலேயே நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. ஓடுவதைத் தொடாதே என்பது அவர் கொள்கை, ஓடும்போதே மாற்று என்பது என் கொள்கை. இருவருக்கும் தினமும் சண்டைதான். அன்றைக்கு நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது கேட்டுத் திரும்பினார்: "அவனத் திட்டாத ஹேமா. பிள்ள பொறந்த வீட்ல போயி, பில்லு வரலன்னு கேக்க முடியுமா?"

என் பெயரைக் காணோம்

ஆப் கனம் கூடிப்போனால் பழைய போன்களில் ஏறாது. எதைக் குறைக்கலாம் என்று பார்த்ததில் பில்லில் வரும் தமிழ் எழுத்துரு கண்ணில் பட்டது. தேவையான எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட ஒரு அமைப்பு உண்டு. எந்தெந்த எழுத்து வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். அண்ணன் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் பாடமாகக் கேட்டதை ராகம் போட்டுச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். உயிர் வந்தது, மெய் வந்தது, ஆய்தம்கூட மறக்காமல் வந்தது. பாதிக்குப் பாதி இளைத்துவிட்டது ஆப்.

பாடத்தில் ஜ, ஷ, ஸ, ஹ கிடையாது. பம்பாய்த் தமிழர் பெயர்களில் அவற்றைத் தவிர வேறு எதுவும் கிடையாது. ராஜேஷ், சந்தோஷ், ஹரிஹரன், ஜெயஸ்ரீ எல்லாரும் பில்லில் கட்டம் கட்டமாக வந்தார்கள். சோதனைக்கு நானே ஒரு ஆர்டர் போட்டேன். என் பெயரில் முதல் எழுத்துக்குப் பதில் ஒரு கட்டம், அதற்குப் பின்னால் அனாதையாக ஒரு 'மா'. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, இனி உன்னை மா என்றே கூப்பிடலாமே என்று சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் செம்பூர் ஷண்முகா ஸ்டோர்ஸ்காரர் லைனில் இருந்தார்: "கஸ்டமர் பில்லக் காட்டி சிரிக்கறான் சார். மேல டப்பா, நடுவுல டப்பா, கீழ டப்பா. நான் என்ன டப்பாக் கடையா வெச்சிருக்கேன்?"

புளிக்குழம்பு

கட்டி முடித்த ஆப்பை வெளியே அனுப்புவதற்கு முன் அதற்கு முத்திரை குத்த வேண்டும். இது இன்னார் அனுப்பியதுதான், நடுவில் வேறு யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அடையாளம். அந்த முத்திரை ஒரு கோப்புக்குள் இருக்கும். கோப்புக்கு ஒரு பாஸ்வேர்ட். பாஸ்வேர்ட் இல்லையென்றால் முத்திரை இல்லை, முத்திரை இல்லையென்றால் அந்த ஆப்புக்கு இனி அப்டேட்டே இல்லை. பொதுவாக அதைப் பத்திரமாக ஓரிடத்தில் வைத்து, மெஷினே எடுத்துப் போட்டுக்கொள்ளும்படி அமைத்துவிடுவார்கள். முத்திரையை ஆப் ஸ்டோர்காரர்களே வாங்கி வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் பிறகு வந்தது. இரண்டுக்கும் அண்ணன் மசியவில்லை.

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அவரேதான் அடிப்பார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார், எங்களைத் தள்ளி நிற்கச் சொல்வார், மடமடவென்று அடிப்பார், "புளிக்கொளம்பு வச்சாச்சு" என்று எழுந்திருப்பார். ஆமாம், பாஸ்வேர்ட் அதுதான். அவர் மனைவி சொர்ணம் அண்ணி வைக்கும் புளிக்குழம்பு. டீ கொண்டுவரும் ஆள் முதற்கொண்டு எல்லோருக்கும் அது தெரியும். இப்படி ஊரறிய ஒரு ரகசியம் உண்டா என்று நான் ஒரு தடவை கேட்டே விட்டேன். அண்ணன் கொஞ்சமும் கவலைப்படவில்லை: "வார்த்தையச் சொன்னா என்னா? இங்கிலீசு எழுத்துல அடிக்கணும்லா? ஸ்பெல்லிங்கு எங்கிட்டல்லா இருக்கு!"

ஊருக்குப் போன எழுத்துகள்

ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்பிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மூளையில் ரத்த அடைப்பு. ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்துவிட்டார்கள். பேச்சு முதலில் குழறி, பிறகு மெல்ல மெல்லத் திரும்பிவிட்டது. வலது கை திரும்பவில்லை. எழுத்துகளும் திரும்பவில்லை. பேப்பரைக் காட்டினால் பார்ப்பார், தெரிந்த முகம்தான், பெயர்தான் வரவில்லை என்பது போல விழிப்பார். அந்த விழிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து ஸ்டோரிலிருந்து அறிவிப்பு. எல்லா ஆப்களையும் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப மறுபடி கட்டி ஏற்ற வேண்டும். தவறினால் புதுப் போன்களின் கண்ணுக்கே தெரியாது. கட்டிவிட்டேன். முத்திரை குத்த ஆளில்லை. வெங்கிட்டு சாரும் நானும் தாராவிக்குப் போனோம். சார் சொல்லத் தயங்கியதை நான்தான் சொன்னேன். பாஸ்வேர்ட் வேண்டும் அண்ணா, இல்லையென்றால் 'சரக்கு' இதோடு நின்றுவிடும்.

"புளிக்கொளம்பு" என்றார் அண்ணன், கணீரென்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் வாயிலிருந்து அவ்வளவு தெளிவாக எதுவும் வந்ததில்லை என்று அண்ணி சந்தோஷப்பட்டார். ழவுக்கு இசட்-எச் போடுவீர்களா, வெறும் எல் போடுவீர்களா என்று கேட்டேன். யோசித்தார். சார், "இசட்-எச்தான் முறை" என்றார். "தாராவியில யார் சார் இசட்-எச் போடறாங்க, எல்லாம் எல்தான்" என்றேன் நான். புளிக்குப் பின்னால் ஒரு கே-யா இரண்டு கே-யா, கு-வா கொ-வா என்று கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தோம். அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இடது கையை, நான் அவர் மடியில் வைத்திருந்த லேப்டாப் பக்கம் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியது. எனக்கும் தாங்கவில்லை, அண்ணிக்கு உதவுவது போல உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவராகவே சிரித்தார்: "எல்லாம் வந்துட்டு ஹேமா. இந்த ஏபிசிடி மட்டும் லீவு போட்டு ஊருக்குப் போயிருக்கு. வந்துரும்."

விதவிதமாகக் குழம்பு வைத்தேன்

காத்திருக்கிற நேரத்தில் சும்மா இருக்க முடியுமா? புளிக்குழம்பை ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் எழுதலாமோ அப்படியெல்லாம் தானாக எழுதிப் பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். நல்ல வேளையாக, தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும் ரகமில்லை அந்தக் கோப்பு. ழவுக்கு எல், இசட், இசட்-எச். ஒரு கே, இரண்டு கே. கு, கொ. புளியின் கடைசியில் ஐ, இரண்டு ஈ. முதல் எழுத்து பெரிசு, சிறிசு. நடுவில் இடைவெளி விட்டு, விடாமல், கோடு போட்டு. கடைசியில் வீட்டாரைப் பிடித்தேன். நீ எப்படி எழுதுவாய் என்று அப்பாவிடம், சித்தியிடம், ரயிலில் கூட வரும் தோழிகளிடம் கேட்டேன். தமிழ் பேசுகிற ஜனத்தில் ஒருவர் எழுதுகிற மாதிரி இன்னொருவர் எழுதுவதில்லை என்பதை அப்போதுதான் கண்டேன். ஒன்றும் திறக்கவில்லை.

ஸ்டோர் கொடுத்த அவகாசம் முடிந்துவிட்டது. புதுப் போன் வாங்கிய கடைக்காரர்கள் ஆப் கிடைக்கவில்லை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வெங்கிட்டு சார் ஒரு நாள் என் மேஜைக்கு வந்து, புதுப் பெயர், புது அடையாளம், புது முத்திரையோடு வேறு ஆப்பாகப் போட்டுவிடு என்றார். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே சார் என்றேன். அவர் உட்காரக்கூட இல்லை: "சுயம்புக்காக நான் ஆயுசு பூரா காத்துண்டிருப்பேன் ஹேமா. கடைக்காராளால முடியாது."

எச்சரிக்கையே இல்லாத பில்ட்

புது ஆப்புக்குச் சார் வைத்த பெயர் 'மளிகை'. யாருக்கும் சிரிப்பு வராத பெயர். நான் வருஷக்கணக்கில் ஆசைப்பட்டதை எல்லாம் செய்தேன். எல்லா டிபெண்டன்சிகளையும் புதிய பதிப்புக்கு ஏற்றினேன். அண்ணன் காப்பாற்றி வைத்திருந்த அந்தப் பிள்ளை பெற்றவரின் பிரிண்டர் நிரலை எடுத்துவிட்டு வேறு போட்டேன். பாஸ்வேர்டை மெஷினிடம் கொடுத்தேன். மஞ்சள் எழுத்தில் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் பில்ட் முடிந்தது. இந்தத் தொழிலில் அப்படி ஒரு திரையைப் பார்ப்பதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். நானோ அதைப் பார்த்துக்கொண்டு, ஒரு வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவள் போல உட்கார்ந்திருந்தேன்.

கடை கடையாகப் போய்ப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுக் கொடுத்தோம். ஸ்டோரிலிருந்து 'சரக்கு' எடுக்கப்பட்டது. அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை. இப்ப வேண்டாம், கொஞ்சம் தேறட்டும் என்று அண்ணி கேட்டுக்கொண்டார். பொன்ராஜ் அண்ணாச்சி கடையில் புதியதை ஏற்றிவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு பில் போட்டுப் பார்த்தார்: "நல்லாத்தான் இருக்கு. சட்டுனு தொறக்கு. ஆனா ஒண்ணு, முன்ன தப்பு வந்தா சுயம்புவத் திட்டுவோம், அவனும் நேர்ல வந்து நின்னு வாங்கிக்கிடுவான். இப்ப யாரப் போயித் திட்ட?"

ஒரு ஒய்

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் அண்ணனுக்கு எழுத்துகளையும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். போனில் இடது கட்டை விரலால் அடிக்கப் பழக்கினாள். ஒரு மத்தியானம் ஆபீசில் டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தேன், அண்ணனிடமிருந்து மெசேஜ். முந்தின நாள் நான் கொண்டுபோய்க் கொடுத்த சாப்பாட்டைப் பற்றி. புளி சாதம் சூப்பர் ஹேமா, அவ்வளவுதான், ஆங்கில எழுத்தில். அவர் விழுந்த பிறகு எனக்கு வந்த முதல் மெசேஜ். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்திருப்பாரே என்று நினைத்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

மறுபடி படித்தேன். மூன்றாவது தடவைதான் கண்ணில் பட்டது. புளியை அவர் பி, யூ, எல், ஒய் என்று எழுதியிருந்தார். ஐ இல்லை, ஈ இல்லை, ஒய்! எங்கள் செம்பூர் ஓட்டல்களில் இட்லிக்கு ஐ போட்டுத்தான் எழுதுவார்கள். தமிழ்நாட்டு வழக்கப்படி போர்டு எழுதுகிறவர்கள் இட்லிக்கு ஒய் போடுவார்கள். அண்ணன் வீட்டுத் தெருமுனையிலேயே அப்படி ஒரு போர்டு தொங்குகிறது. அதைத் தாண்டித்தான் அவரைப் பார்க்க ஒவ்வொரு முறையும் போனேன். இட்லிக்கு ஒய் போடுகிறவர் புளிக்கும் ஒய்தானே போடுவார்? உலகத்து ழவை எல்லாம் பிரித்து மேய்ந்த நான், கடைசி எழுத்தைக் கவனிக்காமல் விட்டேன்.

கையைக்கூடக் கழுவாமல் அடித்தேன். புளிக்கு ஒய், ஒரே ஒரு கே, அவர் வாயில் வருகிறபடியே கொளம்பு. திறந்துகொண்டது. நான் போட்ட சத்தத்தில் சார் அறையிலிருந்து ஓடி வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 'சரக்கை' மறுபடி ஏற்றிவிடலாம் சார், இப்போதுகூட முடியும் என்றேன். பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். கடைக்காரர்கள் எல்லாம் மாறியாகிவிட்டது, அவர்களைத் திரும்பவும் பழையதற்கு இழுப்பது நியாயமில்லை. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் அவர் வேறு ஏதாவது சொல்ல மாட்டாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "திறந்துடுத்தா? நன்னாருக்கட்டும். மூடி வெச்சுடும்மா. ரெண்டு ஆப்பை வெச்சுண்டு யார் கட்டி மேய்க்கறது?"

ஒரே ஒரு போன்

மூடி வைத்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. 'சரக்கு' இன்னும் ஒரு போனில் இருந்தது. அண்ணனுடைய போன். அவர் அதைத் தினமும் திறந்து பார்க்கிறார், அப்டேட் வந்ததா என்று கேட்கிறார் என்று அண்ணி சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தாராவிக்குப் போனேன். பழைய நிரலையே எடுத்து, அவர் காப்பாற்றிய பிரிண்டர் பகுதியோடு, புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்றபடி கட்டி வைத்திருந்தேன். முத்திரை மட்டும் பாக்கி. பாஸ்வேர்ட் எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்லவில்லை. லேப்டாப்பை அவர் முன்னால் வைத்து, அண்ணா, அடிங்க என்றேன்.

வழக்கம் போல, தள்ளி நில்லு என்று சைகை காட்டினார். நின்றேன். இடது கை ஆள்காட்டி விரல் எழுத்து எழுத்தாகப் போனது. இரண்டு இடத்தில் தப்பாகிவிட்டது, அழித்து அடித்தார். அண்ணி அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டார். கடைசி எழுத்து விழுந்ததும் திரையில் பச்சை வரி வந்தது. நான் கைதட்டினேன், அண்ணி கைதட்டினார், அண்ணன் சிரித்தார். கேபிளைச் சொருகி அவர் போனில் ஏற்றினேன். பதிப்பு எண் ஒன்று கூடியிருந்ததை அவரே தொட்டுப் பார்த்தார். எல்லாக் கடைக்கும் போய்விடுமா என்று அண்ணி கேட்டார். நடிக்கிறார் என்று எனக்குத் தெரியும். போய்க்கொண்டிருக்கிறது அண்ணி என்று நானும் நடித்தேன். எனக்கு நடிப்பு வராது. கேபிளைச் சுருட்டும் சாக்கில் குனிந்துகொண்டேன்.

அண்ணன் போனை வேட்டி மடிப்பில் துடைத்து, தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "சொல்லாண்டாம், தெரியும். நேத்து இவ என்னய நடக்கக் கூட்டிட்டுப் போனால்லா, பொன்ராஜ் அண்ணாச்சி கடைல புதுசப் பாத்தேன். ஏக்தம் நல்லாருக்கு, ரொம்ப நல்லாருக்கு, உங்கையி வேலதான்னு பாத்ததுமே தெரிஞ்சிட்டு. அது ஓடட்டும் ஹேமா. இது எம்போன்ல ஒரு ஓரமாக் கெடந்துட்டுப் போகுது."

இத்தனை வருஷத்தில் நான் கட்டியதிலேயே இதுவரை ஒரு புகாரும் வராத ஒரே பதிப்பு, யாருக்கும் அனுப்பாத அந்த ஒன்றுதான்.